கிறிஸ்துமஸுக்கு ஐரோப்பா: அம்மாவுக்குப் பூசை, மகளுக்குப் பனி, எந்த ஊர் போகலாம்?

உப்புக்காற்று
ஜூன் 6, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பரில் பத்து நாள் ஐரோப்பா போகலாம் என்று முடிவு செய்துவிட்டோம், எந்த ஊர் என்பதில்தான் ஒரு மாதமாக வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது. நான், கணவர், ஒன்பது வயது மகள், அறுபத்தேழு வயது அம்மா. நாங்கள் இருப்பது சென்னை, அம்மா தூத்துக்குடி. மகளுக்கு அரையாண்டுத் தேர்வு 22 மதியம் முடிகிறது, அன்று இரவே ஏறினால்தான் உண்டு. ஜனவரி 2 மறுபடி பள்ளி.

அப்பா போன வருடம் தவறிவிட்டார். அதன்பின் வந்த கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டில் நட்சத்திரம்கூடத் தொங்கவிடவில்லை. இந்த முறை அவரை அந்த வீட்டிலிருந்து வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும், அதற்காகத்தான் இந்தப் பயணமே. அவர் கேட்பது ஒன்றுதான்: 24 இரவு நல்ல ஒரு கோயிலில் பூசை காண வேண்டும். மகள் கேட்பதும் ஒன்றுதான்: பனியைக் கையால் தொட வேண்டும். கணவருக்கு ஜெர்மனியின் கிறிஸ்துமஸ் சந்தைகளைப் பார்க்க ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாக நடப்பார், படி ஏறுவது கஷ்டம்.

இப்போதைக்குப் போட்டிருக்கும் திட்டம்: 23 கொலோன், 24 நியூரம்பெர்க், 26 ஸ்ட்ராஸ்பூர்க், அப்புறம் பாரிஸ். சரியா?

ரைன்கரை
ஜூன் 6, இரவு 11.15

அக்கா, தயவுசெய்து டிக்கெட் எதுவும் எடுத்துவிடாதீர்கள். நான் கொலோனில் பதினோரு வருடமாக இருக்கிறேன், நம் ஊரிலிருந்து வருகிற பாதிப் பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். ஜெர்மனியில் கிறிஸ்துமஸ் சந்தை என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரத்துக்கானது. திருவருகைக் காலச் சந்தை என்று சொன்னால் சரியாகப் புரியும். கொலோனில் 23-ஆம் தேதியோடு பெரும்பாலும் முடிந்துவிடும். நியூரம்பெர்க்கில் 24 மதியம் 2 மணிக்கு மூடுவார்கள். 1434-இல் தொடங்கிய டிரெஸ்டன் சந்தையும் 24 மதியத்தோடு சரி. பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்க் 1570-இலிருந்து நடக்கிற சந்தை, அதுவும் பெரும்பாலும் 24 வரைதான். நீங்கள் 26 அன்று அங்கே போய் நின்றால் கடைகளைக் கழற்றி லாரியில் ஏற்றுவதைத்தான் பார்ப்பீர்கள்.

அதைவிட முக்கியம், இங்கே கிறிஸ்துமஸ் வீட்டுக்குள் நடக்கிற பண்டிகை. நம் ஊர் தீபாவளி மாதிரி தெருவில் கூட்டமும் சத்தமும் இருக்கும் என்று நினைத்து வருகிறார்கள். 24 மதியம் 2 மணிக்குக் கடை எல்லாம் மூடிவிடும், 25, 26 இரண்டும் அரசு விடுமுறை. 25 வெள்ளிக்கிழமையில் விழுந்த வருடம் ஞாயிறும் சேர்ந்து மூன்று நாள் ஒரு பால் பாக்கெட் வாங்க முடியாது, பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளைத் தவிர. நான் வந்த முதல் வருடம் இது தெரியாமல் இரண்டு நாள் ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டேன். தனியாள், தாங்கிக்கொண்டேன். நீங்கள் அம்மாவையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அப்படி மாட்டக் கூடாது.

அதனால் எந்த நாடு என்பதை அப்புறம் பாருங்கள். முதலில் 24 மாலை, 25, 26 இந்த இரண்டரை நாள் எங்கே இருப்போம், அங்கே என்ன திறந்திருக்கும் என்று முடிவு செய்யுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு தானாக அமையும்.

பனிவிரும்பி
ஜூன் 7, காலை 7.05

பனிதான் வேண்டும் என்றால் பின்லாந்தின் ரோவனியெமி. இரண்டு வருடம் முன்னால் நாங்கள் போனோம். ஆர்க்டிக் வட்டம் அந்த ஊரை ஒட்டியே போகிறது, கிறிஸ்துமஸ் தாத்தா கிராமம் ஊரிலிருந்து எட்டு கிலோமீட்டர். தாத்தாவைப் பார்க்கக் கட்டணம் இல்லை, படம் வேண்டுமென்றால்தான் பணம். ஹெல்சிங்கியிலிருந்து இரவு ரயில் இருக்கிறது, படுக்கை அறையோடு, ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரம், என் பையனுக்கு மொத்தப் பயணத்திலும் பிடித்தது அந்த ரயில்தான்.

ஆனால் உங்கள் அம்மா விஷயத்தைப் படித்தபிறகு யோசனையாக இருக்கிறது. நாங்கள் போனபோது மைனஸ் 22. டிசம்பர் கடைசியில் பகல் என்பது இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான், மீதியெல்லாம் நீலமான அந்தி, பிறகு இருட்டு. தரையெல்லாம் உறைந்து கண்ணாடி மாதிரி இருக்கும். என் மாமியாருக்கு அறுபது வயது, ஒரு நாள் வெளியே வந்தார், மற்ற நாளெல்லாம் அறையிலேயே இருந்துவிட்டார். விலையும் கிறிஸ்துமஸ் வாரத்தில்தான் உச்சம். மகளை மட்டும் கூட்டிக்கொண்டு போவதென்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், அம்மாவோடு என்றால் வேண்டாம்.

லாச்சப்பல்
ஜூன் 7, மதியம் 1.30

வணக்கம் அக்கா. பரிஸை ஏன் கடைசியில் போட்டீர்கள்? நத்தாருக்கே, அதுதான் கிறிஸ்துமஸுக்கே, இங்கே வாங்கோ. 25-ஆம் தேதியும் மெட்ரோ ஓடும், ஈஃபில் கோபுரம் வருடம் 365 நாளும் திறந்திருக்கும். லூவ்ரும் வெர்சாயும் அன்றைக்குப் பூட்டு, அது உண்மை. நோத்ர் தாம் 2019 ஏப்ரலில் எரிந்தபோது நான் ஆற்றங்கரையில் நின்று பார்த்தேன், சனம் முழந்தாளில் இருந்து அழுதது. 2024 டிசம்பரில் திறந்துவிட்டார்கள், உள்ளே அந்தக் கல் எல்லாம் கழுவித் துடைத்து அவ்வளவு வெளிச்சமாக இருக்கிறது, உள்ளே போகக் காசு இல்லை. அம்மாவுக்கு நத்தார்ப் பூசைக்கு அதைவிட என்ன வேணும்? சாப்பாட்டுக்கும் யோசிக்க வேண்டாம், தமிழ்க் கடைகள் உள்ள லாச்சப்பலில் இறங்கினால் தோசை, இடியப்பம், கொத்து ரொட்டி எல்லாம் இருக்கு.

பனிதான் கிடைக்காது. இருபது வருடத்தில் நத்தார் அன்றைக்குப் பரிஸில் பனி கொட்டி நான் பார்த்ததில்லை. மழையும் குளிரும்தான் கனக்க.

தனூப்
ஜூன் 7, மாலை 6.20

ரைன்கரை சொன்னது நூற்றுக்கு நூறு. அந்தக் கணக்குப்படி பார்த்தால் வியன்னா. நகர மன்றத்து முன்னால் நடக்கும் பெரிய சந்தை 26 வரை உண்டு, ஷோன்ப்ருன் அரண்மனை முன்னால் நடப்பது புத்தாண்டு தாண்டியும் நடக்கிறது. அரண்மனையே வருடம் முழுக்கத் திறந்திருக்கும், 25 உட்பட. டிராம் ஓடும். ஸ்டெஃபான் பேராலயத்தில் நள்ளிரவுப் பூசை. முழங்கால் வலிக்காரர்களுக்கு வியன்னா மாதிரி ஊர் கிடையாது, டிராமில் ஏறி உட்கார்ந்தால் ஊரையே சுற்றிப் பார்த்துவிடலாம். பிராகும் யோசிக்கலாம், பழைய நகரச் சதுக்கத்துச் சந்தை ஜனவரி 6 வரை, ஆனால் கல் பாவிய தெரு, ஏற்ற இறக்கம், அம்மாவுக்குச் சிரமம்.

சொல்லாமல் விட்டால் தப்பு: வியன்னா நகருக்குள் கிறிஸ்துமஸ் அன்று பனி விழுவது இப்போதெல்லாம் அபூர்வம்.

உப்புக்காற்று
ஜூன் 7, இரவு 10.10

ரைன்கரை தம்பி, நீங்கள் சொல்லாவிட்டால் 26 அன்று ஸ்ட்ராஸ்பூர்க்கில் போய் நின்றிருப்போம். கணவரிடம் காட்டினேன், அவர் ஒன்றும் பேசவில்லை, திட்டத்தை அழித்துவிட்டார். வியன்னாவும் பாரிஸும் இப்போது போட்டியில் இருக்கின்றன. அம்மாவிடம் இரண்டையும் சொல்லிக் கேட்டேன். "உங்க இஷ்டம்மா" என்றார், பிறகு கொஞ்ச நேரம் கழித்து, "ரோமாபுரி ரொம்பச் செலவாகுமோ?" என்று கேட்டார். அப்பாவும் அவரும் ஓய்வு பெற்றதும் போவதாக இருந்தார்களாம். எனக்கு அது இன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் ரோமில் பனி கிடையாதே? மகளிடம் என்ன சொல்வது?

தைபர்
ஜூன் 8, அதிகாலை 2.45

அம்மா, நான் உரோமையில் படிக்கிற குரு, திருநெல்வேலிப் பக்கம். இங்கே நான்கு கிறிஸ்துமஸ் ஆகிவிட்டது. உங்கள் அம்மா தூத்துக்குடி என்றதால் இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் சின்ன வயதிலிருந்து கும்பிட்ட தஸ்நேவிஸ் மாதா, பனிமய மாதா, அந்தப் பெயரின் வேர் இந்த ஊரில்தான் இருக்கிறது. இங்கே எஸ்குவிலின் குன்றில் ஓர் ஆகஸ்ட் வெயிலில் பனி பெய்தது, அந்த இடத்தில் மாதாவுக்குக் கோயில் கட்டினார்கள் என்பது மரபு வழிக் கதை. அந்தக் கோயில்தான் சாந்தா மரிய மஜ்ஜோரே, தமிழில் மரியன்னை பெருங்கோயில் என்போம். தூத்துக்குடியில் மாதா திருவிழா நடக்கிற அதே ஆகஸ்ட் 5 அன்று இங்கே கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைக் கொட்டுவார்கள், பனி பெய்ததன் நினைவாக. போப்பாண்டவர், அதாவது திருத்தந்தை பிரான்சிஸ் 2025-இல் அடக்கம் செய்யப்பட்டதும் அங்கேதான்.

கிறிஸ்துமஸுக்கும் அந்தக் கோயிலுக்கும் நேர் உறவு உண்டு. பாலன் இயேசுவின் தீவனத் தொட்டி என்று வணங்கப்படும் மரத்துண்டுகள் பீடத்துக்கு அடியில் படிகப் பேழையில் இருக்கின்றன. 1291 வாக்கில் அர்னோல்ஃபோ என்ற சிற்பி செதுக்கிய குடில் உருவங்களும் அங்கே உண்டு. மகளுக்குச் சொல்லுங்கள், குடில் வைக்கிற வழக்கத்தைத் தொடங்கிவைத்தவர் அசிசி ஊர்ப் புனித பிரான்சிஸ், 1223-இல் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில், இந்த ஊருக்கு வடக்கே.

இனி காரியத்துக்கு வருவோம். வத்திக்கானில் புனித பேதுரு பெருங்கோயிலின் 24 இரவுத் திருப்பலிக்கு, அதாவது பூசைக்கு, சீட்டு வேண்டும், முழுக்க இலவசம், பணம் கேட்கிறவர் யாராக இருந்தாலும் விலகிவிடுங்கள். திருத்தந்தை இல்லத்தின் நிர்வாக அலுவலகத்துக்கு மாதக்கணக்கில் முன்னாலேயே எழுத வேண்டும், உங்கள் பங்குத் தந்தையின் கடிதம் இருந்தால் நல்லது. சீட்டு கிடைக்காவிட்டாலும் சதுக்கத்தில் பெரிய திரையில் பார்க்கலாம். நள்ளிரவுத் திருப்பலி என்பது பெயர்தான், 2009-இல் இரவு 10 மணிக்கு மாற்றினார்கள், பிறகு 9.30, கொரோனாவுக்குப் பின் 7.30, 2024-இல் 7 மணி, 2025-இல் திருத்தந்தை லியோ மறுபடி 10 மணிக்கு வைத்தார். உள்ளே இடம் பிடிக்க இரண்டு மணி நேரமாவது முன்னால் வரிசையில் நிற்க வேண்டும், சீட்டு இருந்தாலும். அம்மாவின் முழங்காலை நினைத்தால் இதுதான் எனக்குக் கவலை. மடக்கு நாற்காலி போல நிற்கிற கைத்தடி கிடைக்கிறது, அதைக் கொண்டுவாருங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் தங்கும் இடம். 24 இரவு ஏறக்குறைய 9 மணியோடு பேருந்து, மெட்ரோ நின்றுவிடும். பூசை முடிந்து வெளியே வரும்போது டாக்சிக்கு ஆயிரக்கணக்கானவர்கள் நிற்பார்கள். அதனால் வத்திக்கானை ஒட்டிய போர்கோ அல்லது பிராத்தி பகுதியில் அறை எடுங்கள், நடந்தே திரும்பலாம். மறுநாள் 25 மதியம் 12 மணிக்குத் திருத்தந்தை நடு மாடத்திலிருந்து ஆசீர் வழங்குவார், அதற்குச் சீட்டே வேண்டாம்.

லாச்சப்பல்
ஜூன் 8, காலை 9.00

ஃபாதர் சொன்னதைப் படித்தபிறகு நான் பரிஸ் என்று இனிச் சொல்லமாட்டேன் அக்கா. அம்மாவை அங்கே கூட்டிக்கொண்டு போங்கோ. ஒன்றுதான் கேட்கிறேன் ஃபாதர், 25-ஆம் தேதி ரோம் முழுக்கப் பூட்டிக் கிடக்காதா? நாங்கள் ஒருமுறை போனபோது மத்தியானம் மெட்ரோவும் இல்லை, பிள்ளைகளோடு ரோட்டில் நின்றோம்.

தைபர்
ஜூன் 8, மதியம் 3.10

உண்மைதான், 25 மதியம் சில மணி நேரம் மெட்ரோ ஓடாது. கொலோசியம், வத்திக்கான் அருங்காட்சியகம் எல்லாம் மூடியிருக்கும், வத்திக்கான் அருங்காட்சியகம் 26-உம் கிடையாது. மதிய உணவுக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள், அன்று பல உணவகங்களில் ஒரே வகைப் பெருவிருந்து மட்டும் வைப்பார்கள். ஆனால் இந்த ஊரில் கோயில்கள் திறந்திருக்கும், நீரூற்றுகளுக்குக் கதவில்லை. சாப்பிட்டு முடித்ததும் குடும்பம் குடும்பமாகக் குடில் பார்க்க வெளியே வந்துவிடுவார்கள், ஜெர்மனி மாதிரித் தெரு வெறிச்சோடாது. நவோனா சதுக்கத்தில் பொம்மைக் கடைகள் ஜனவரி 6 வரை இருக்கும். அராச்செலி என்ற கோயிலில் பாலன் இயேசுவின் மரச் சுரூபம் இருக்கிறது, குழந்தைகள் அதற்குக் கடிதம் எழுதுகிற வழக்கம் உண்டு. முன்பக்கம் 124 படி, அம்மாவை அந்த வழியாக ஏற்றாதீர்கள், கப்பிதோலினோ பக்கமிருந்து வந்தால் படி குறைவு.

மலைரயில்
ஜூன் 8, இரவு 8.55

பனிக்கு என்னிடம் பதில் இருக்கிறது, அதுவும் இத்தாலிக்குள்ளேயே. நான் வெரோனாவில் வேலை பார்க்கிறேன். ரோமிலிருந்து நேரடி விரைவு ரயில் ஐந்து மணி நேரத்துக்குள் போல்சானோ கொண்டுபோய் விடும், மாற வேண்டியதில்லை. முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியாவோடு இருந்த பகுதி அது, அங்கே பெயர்ப் பலகை எல்லாம் இத்தாலியனிலும் ஜெர்மனிலும் இருக்கும். உங்கள் கணவர் ஆசைப்பட்ட அந்த மரக்கடைச் சந்தை வால்தர் சதுக்கத்தில் நடக்கிறது, 25 அன்று மட்டும் விடுமுறை, மற்றபடி ஜனவரி 6 வரை உண்டு. 27 அன்று வந்தாலும் அதே விளக்கும் அதே இஞ்சி ரொட்டி வாசனையும் இருக்கும்.

ஊர் தாழ்வாக இருக்கிறது, 260 மீட்டர் உயரம்தான், அதனால் ஊருக்குள் பனியை எதிர்பார்க்காதீர்கள். ஆனால் ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கம்பிவட ஊர்தி இருக்கிறது, உட்கார்ந்தபடி பன்னிரண்டு நிமிடத்தில் 1,220 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். மேலே 1907-இலிருந்து ஓடுகிற சின்ன மரப்பெட்டி ரயில் ஒன்று, ஜன்னல் வழியே டோலமைட் மலைகள் தெரியும், அம்மா அதில் உட்கார்ந்தே எல்லாம் பார்க்கலாம். அந்த உயரத்தில் டிசம்பர் கடைசியில் சில வருடம் பனி இருக்கும், சில வருடம் இருக்காது, மகளிடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். வாக்குக் கொடுக்கிற அளவுக்குப் பனி வேண்டுமென்றால் ஆல்பே தி சியூசி. பேருந்தில் சியூசி வரை, அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் 1,800 மீட்டருக்கு மேலே. ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய மலைப் புல்வெளி, கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை. பனிச்சறுக்குத் தெரியாதவர்களுக்கும் குழந்தைகளுக்கான சறுக்கு வண்டி, குதிரை வண்டி எல்லாம் உண்டு. பல விடுதிகளில் தங்கினால் உள்ளூர்ப் பேருந்துக்கும் ரயிலுக்கும் இலவச அட்டை தருகிறார்கள், அறை பதிவு செய்யும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் மேகமாக இருந்தால் ஓட்ஸி அருங்காட்சியகம் போங்கள். 1991-இல் பனிப்பாறைக்குள் கிடைத்த 5,300 வருடத்துக்கு முந்தைய மனிதன், அவன் உடலும் உடையும் செருப்பும் அங்கே இருக்கின்றன. ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது வாழ்நாள் முழுக்க நினைவிருக்கும்.

ரைன்கரை
ஜூன் 8, இரவு 11.30

இது நல்ல யோசனை. ஒன்றைச் சேர்க்கிறேன். போல்சானோவிலிருந்து பிரென்னர் கணவாய் வழியாக முனிச்சுக்கு நேரடி ரயில், நான்கு மணி நேரம். திரும்ப ரோமுக்கே போய் விமானம் ஏறாமல், போகும்போது ரோம், வரும்போது முனிச் என்று ஒரே டிக்கெட்டாக எடுக்கலாம், ஒரு நாள் மிச்சம். எல்லையில் சில சமயம் போலீஸ் ஏறிப் பார்ப்பார்கள், பாஸ்போர்ட்டைப் பெட்டிக்குள் பூட்டிவிடாதீர்கள்.

ஆனால் 25, 26 அன்று ஊர் மாறாதீர்கள். அன்று இருக்கிற இடத்திலேயே இருங்கள். 27 கிளம்புங்கள்.

தனூப்
ஜூன் 9, காலை 8.15

பத்து நாளில் இரண்டே ஊர் என்றால் குறைவாகத் தோன்றும், வேறு யாராவது ஃப்ளோரன்ஸ், வெனிஸ் எல்லாம் வழியில்தானே என்பார்கள். சேர்க்காதீர்கள். என் பெற்றோர் ஒரு குழுச் சுற்றுலாவில் ஒன்பது நாளில் ஆறு நாடு போனார்கள். அப்பாவிடம் எந்த ஊரில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் பேருந்தைப் பற்றித்தான் சொல்கிறார்.

உப்புக்காற்று
ஜூன் 9, இரவு 9.20

நேற்று இரவு தைபர் ஃபாதர் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தஸ்நேவிஸ் மாதா என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார், மறுபடி அந்தப் பத்தியை மட்டும் வாசிக்கச் சொன்னார். ஆகஸ்ட் 5 அன்று தேர் பார்க்க அப்பா தோளில் என்னைத் தூக்கிக்கொண்டு நின்றதைச் சொல்லிக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் கழித்து அவர் பேசிக் கேட்கிறேன்.

ஆக, 22 இரவு சென்னையிலிருந்து ஏறி 23 ரோம், அங்கே நான்கு இரவு, அறை போர்கோ பகுதியில். 27 ரயிலில் போல்சானோ, அங்கே மூன்று இரவு. 30 முனிச், 31 விமானம். சாந்தா மரிய மஜ்ஜோரே 24 காலையில், கூட்டம் சேர்வதற்கு முன்னால். பங்குச் சாமியாரிடம் கடிதம் கேட்டாகிவிட்டது. விசா எப்போது போடலாம்?

மலைரயில்
ஜூன் 9, இரவு 10.45

பயணத் தேதிக்கு ஆறு மாதம் முன்னாலிருந்து ஷெங்கன் விசாவுக்கு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசாவுக்கு, விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை பதினைந்து நாள், அந்த எல்லை வரை போகாதீர்கள். அதிக நாள் தங்குவது இத்தாலியில், அதனால் இத்தாலிக்குத்தான் போட வேண்டும். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, மகளுக்கு 45. மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. அம்மாவுக்கு வாங்கும்போது முழங்கால் போல ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு என்ன தருகிறார்கள், என்ன தரமாட்டார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். 2025 அக்டோபரிலிருந்து முதல்முறை நுழைகிறவர்களை எல்லையில் முகப்படம் எடுத்துப் பதிவு செய்கிறார்கள், ரோமில் இறங்கும் நாளில் வேறு எதுவும் திட்டமிட வேண்டாம்.

ரயில் டிக்கெட் மட்டும் இப்போது தேடினால் கிடைக்காமல் போகலாம், பயப்பட வேண்டாம். ஐரோப்பா முழுக்க டிசம்பர் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கால அட்டவணை மாறும், அதற்குப் பிந்தைய தேதிகளைத் தாமதமாகத்தான் திறப்பார்கள். செப்டம்பரிலிருந்து வாரம் ஒருமுறை பாருங்கள், திறந்த அன்றே எடுத்தால் விலை குறைவு. 27 காலை வண்டி, வலதுபக்கம் ஜன்னல் சீட்டு மகளுக்கு.

தைபர்
ஜூன் 10, அதிகாலை 1.20

24 காலை எட்டு மணிக்கு மரியன்னை பெருங்கோயில் வாசலில் இருப்பேன். அம்மாவிடம் சொல்லிவிடுங்கள். வரும்போது தூத்துக்குடி மக்ரூன் கொஞ்சம், முடிந்தால்.